ஒரு பெட்டி போதாதுங்க

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. "ஆணி அதிகம்"னு வழக்கம்போல ஒரு வரி எழுதிட்டுப் போயிடலாம்தான். ஆனா இந்தத் தடவை நிஜமாவே ஆணிதான் மக்களே. சதுர ஓட்டைக்குள்ள திணிக்கிற சின்ன இரும்புக் கூண்டு நட்டு ஒண்ணு இருக்கு, கேஜ் நட்டுன்னு பேரு. அதை மாட்டி மாட்டி பெருவிரல் நகக்கண்ணு பிய்ஞ்சு போய், ஒரு வாரம் சோத்தை ஸ்பூன்ல சாப்பிட்டேன். வீட்டுல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

விஷயம் இதுதான். எங்க வெண்ணந்தூர்ல ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு, ரேக்குல மாட்டற டிஸ்க் ஸ்டோரேஜ் ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். ஊர் தெரியாதவங்களுக்கு: நாமக்கல் மாவட்டம், ராசிபுரம் வட்டம். 1997 வரைக்கும் சேலம் மாவட்டம்னு சொல்லிக்கிட்டிருந்தோம், பெருசுங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க. தறி ஊரு. தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் சடக் சடக் சத்தம்தான். அந்தச் சத்தம் இந்தப் பதிவுல ஒரு முக்கியமான பாத்திரம், ஞாபகம் வெச்சுக்கங்க.

ஸ்டுடியோ அண்ணன் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஃபிலிம் ரோல் காலத்துல இருந்து கல்யாணம் எடுக்கறார். டிஜிட்டல் வந்தப்பறம் அவர் கண்டுபிடிச்ச சேமிப்பு முறை ரொம்ப எளிமையானது. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குவார், நிரம்பினதும் மேல ஸ்கெட்ச் பேனாவால மாசத்தை எழுதி பீரோவுல போட்டுடுவார். அம்மிணியோட பட்டுச்சேலைக்குப் பக்கத்துலயே 30 டிஸ்க். நாப்தலின் உருண்டையும் உண்டு. பூச்சி அரிக்கக் கூடாதாமா!

போன வருஷம் ஒரு பொண்ணு வந்துச்சு. கல்யாணம் ஆகி மூணு வருஷம். ஆல்பம் அவங்க வீட்டுல இருக்கு. ஆனா அவங்கப்பா இறந்துட்டார். தாரை வார்த்துக் கொடுக்கறப்போ அவர் ஏதோ சொல்லிட்டு அழுதார், அது என்னன்னு கேக்கணும், எடிட் பண்ணின வீடியோவுல அந்த இடத்துல நாதஸ்வரப் பாட்டை ஏத்தி விட்டுட்டீங்க, ஒரிஜினல் சத்தம் இருந்தா கொடுங்கன்னு கேட்டுச்சு. அண்ணன் பீரோவைத் திறந்து சரியான மாசத்தைக் கண்டுபிடிச்சு மாட்டினார். டிக்... டிக்... டிக்... அவ்வளவுதான். டிஸ்க் எந்திரிக்கவே இல்லை.

அன்னிக்கு ராத்திரி எனக்கு போன். "ஏந்தம்பி, பெரிய ஆபீஸ்ல எல்லாம் இந்த மாதிரி போயிருமுங்களா?"

"போகுமுங்கண்ணா. ஆனா போனா தெரியாத மாதிரி வெச்சிருப்பாங்க."

"அப்ப நமக்கும் அதையே போட்டுருங்க."

இப்படித்தான் ஆரம்பிச்சுது. இந்த இடத்துல என் தப்பை ஒத்துக்கணும். "போனா தெரியாத மாதிரி"ன்னு நான் சொன்ன அந்த ஒத்தை வரிதான் பின்னாடி வந்த எல்லா வாக்குவாதத்துக்கும் விதை.

முதல்ல கணக்கு போட்டோம். 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துல பதிவானா, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் ரெண்டும் சேர்த்து ஒரு கேமராவுக்கு 8 மணி நேரம், ரெண்டு கேமரா, ஆக 720 ஜிபி. போட்டோ 3,000, ஒண்ணு 40 எம்பின்னா 120 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கு 840 ஜிபி. வருஷத்துக்கு 40 கல்யாணம் கிடைச்சா 33 டிபிக்கு மேல. டிரோனைச் சேர்க்கலை. அண்ணன் காகிதத்தைப் பார்த்துட்டு, "பொண்ணு வீட்டுக்காரன் போடற சீரை விட இது பெருசா இருக்குதே"ன்னார்.

8 டிஸ்க் போடற, 2 யூ உயரப் பெட்டி ஒண்ணு. (ரேக்குல உயரத்தை 'யூ'ன்னு சொல்வாங்க. ஒரு யூ 1.75 அங்குலம். உலகம் பூரா ரேக்கோட அகலம் 19 அங்குலம்.) அதுல 8 டிபி டிஸ்க் 8. ரெய்டு 6 முறையில போட்டா ரெண்டு டிஸ்க்கோட இடம் பாதுகாப்புக்குப் போயிரும், மிச்சம் 48 டிபி. ரெய்டுன்னு சொன்னதும் அண்ணன் முகம் மாறிடுச்சு. "தம்பி, அந்தப் பேச்செல்லாம் கடைல வேண்டாமுங்க, ஜிஎஸ்டியே இப்பத்தான் ஃபைல் பண்ணேன்"னார் :-) அது வேற ரெய்டு, 1988ல கலிபோர்னியா பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க மூணு பேர் எழுதின கட்டுரையில வந்த பேருன்னு சொல்லிப் புரிய வெச்சேன். அவங்க சொன்னது சிம்பிள்: விலை அதிகமான பெரிய டிஸ்க் ஒண்ணுக்குப் பதிலா, விலை குறைஞ்ச சின்ன டிஸ்க் பலதைச் சேர்த்துக் கட்டு, ஒண்ணு செத்தா மத்ததுல இருந்து கணக்குப் போட்டு எடுத்துக்க.

48 டிபின்னு சொல்லிட்டுப் போட்டா கம்ப்யூட்டர் 43.6ன்னு காட்டுது. "மிச்சம் 4 எங்க போச்சு?"ன்னு என்னை ஒரு மாதிரி பார்த்தார். டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்றான், கம்ப்யூட்டர் 1024 1024ஆ எண்ணுது, அவ்வளவுதான்னு விளக்கினேன். நம்பின மாதிரி தெரியலை. மளிகைக் கடையில எடை குறைஞ்சா பார்ப்போமே, அந்தப் பார்வை.

இனி மாட்டின கதை. செவுத்துல தொங்கவிடற சின்ன ரேக் ஒண்ணு ஏற்கெனவே சிசிடிவிக்காக வாங்கி வெச்சிருந்தார். அதுலயே மாட்டிடலாம்னு நான் உயரத்தையும் அகலத்தையும் அளந்தேன். ஆழத்தை அளக்கலை. பெட்டியைத் தூக்கி உள்ள விட்டா, முன்னாடி கதவை மூட முடியலை. பொட்டியை வாங்கறதுக்கு முன்னாடி ரேக்கோட ஆழத்தை அளங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். கதவைக் கழட்டி வெச்சுட்டு அப்படியே ஓட்டினேன். அந்த நிலைமையிலதான் தறி தன் வேலையைக் காட்டிச்சு.

செவுத்துக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறிப்பட்டறை. பழைய டிஸ்க்ல இருந்து புதுப் பெட்டிக்கு காப்பி போட்டா வேகம் ஏறுது, விழுது, ஏறுது, விழுது. கேபிளை மாத்தினேன், ஸ்விட்சை மாத்தினேன், மென்பொருளைத் திட்டினேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மட்டும் சும்மா கும்முனு போகுது. ரெண்டாவது நாள்தான் உறைச்சுது: சாப்பாட்டு நேரத்துல தறி நிக்குது!

2008 கடைசியில சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பார்த்த பிரெண்டன் கிரெக்னு ஒருத்தர் ஒரு வீடியோ போட்டார், நம்மள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. டிஸ்க் அடுக்குக்கு முன்னாடி நின்னு ஓன்னு கத்துவார். உடனே திரையில டிஸ்க் பதில் சொல்ற நேரம் கிடுகிடுன்னு ஏறும். தட்டு சுத்திக்கிட்டிருக்கு, அதுக்கு மேல ஊசிமுனை மாதிரி தலை. அதிர்ந்தா தலை தடம் மாறும், மறுபடி தேடும், அதுல நேரம் போகும். 2016 செப்டம்பர்ல புக்கரெஸ்ட்ல ஐஎன்ஜி வங்கியோட டேட்டா சென்டர்ல தீயணைப்பு கேஸை சோதிச்சுப் பார்க்கறேன்னு திறந்து விட்டாங்க. கேஸ் வெளிய வந்த சத்தத்துலயே டிஸ்க்கெல்லாம் பழுதாகி வங்கி மணிக்கணக்குல நின்னு போச்சு. நம்ம ஊர்ல அந்த மாதிரி கேஸ் எல்லாம் கிடையாது, ஆனா பக்கத்துச் செவுத்துல நாள் பூரா தறி.

செவுத்து ரேக்கைக் கழட்டினோம். தறிப்பட்டறைக்கு எதிர்ப்பக்க மூலையில, தரையில நிக்கற ரேக், அடியில ரப்பர் கட்டை. கனமான யூபிஎஸ் கீழ, பெட்டி அதுக்கு மேல. பெட்டியைத் தூக்கும்போது டிஸ்க்கை எல்லாம் உருவிட்டு வெறும் கூட்டை மாட்டணும், அப்புறம்தான் டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க் முகப்புலயும் அதோட சீரியல் நம்பரை ஒட்டினேன். ஒரு நாள் ராத்திரி பதட்டத்துல ஒருத்தன் செத்த டிஸ்க்குக்குப் பதிலா உசிரோட இருக்கறதை உருவுவான், அப்போ அந்தச் சீட்டுதான் தெய்வம். அந்த ஒருத்தன் யாருன்னு கேக்காதீங்க, பழைய கம்பெனி ரகசியம் ;-)

அப்புறம் பஞ்சு. முன் வலையில ஒரு வாரத்துலயே வெள்ளையா படிஞ்சுது. ஏசி மெஷினோட ஃபில்டர் துணியை வெட்டி ரேக் கதவுல ஒட்டி, ஞாயித்துக்கிழமை தோறும் தட்டணும்னு கடைப் பையன்கிட்ட சொல்லியிருக்கேன்.

கரண்ட் விஷயம் தனிப் பதிவா போடலாம், இங்க சுருக்கமா. ரேக்கைத் தொட்டா சுருக்குனு அடிச்சுது. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 2-3 வோல்ட்டுக்குள்ள இருக்க வேண்டியது கன்னாபின்னான்னு காட்டுது. சுவிட்சு போர்டைக் கழட்டினோம். மூணாவது ஓட்டைக்கு ஒயரே இல்லை! வெளியில ஓட்டை மூணு, உள்ள ஒயர் ரெண்டு. கட்டிடம் கட்டி எத்தனையோ வருஷம், யாரும் பார்க்கலை. குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தனி எர்த் இழுத்தப்பறம்தான் பெட்டியைத் தொட மனசு வந்துச்சு. வீட்டு இன்வெர்ட்டர்லயே மாட்டிடலாம்னு அண்ணன் சொன்னதை நான் ஒத்துக்கலை. கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறற அந்தக் கண் சிமிட்டற நேரத்துல ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் விழுந்துடும். யூபிஎஸ் வேணும், அதுல இருந்து பெட்டிக்கு ஒரு யூஎஸ்பி கேபிளும் வேணும். பேட்டரி தீரப் போகுதுன்னு அது சொன்னாத்தான் இது ஒழுங்கா படுத்துத் தூங்கும். 2012ல நாள்ல பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம இருந்த ஆளுங்க நாம, இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லாம் முடிஞ்சு பச்சை விளக்கு எட்டும் வரிசையா எரிஞ்சப்போ, அண்ணன் கற்பூரம் காட்டி தேங்காய் உடைச்சார். (ரேக்குக்கு முன்னாடி இல்லை, வாசல்ல. அதுக்கும் சண்டை போட்டேன்.) "இனி எம் பொழப்பு பத்திரம்"னார்.

அங்கதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

இந்தப் பெட்டி ரெண்டு டிஸ்க் ஒரே நேரத்துல செத்தாலும் தாங்கும். உண்மை. ஆனா எடிட் பண்ற பையன் தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா, எட்டு டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். ரெய்டு அதையும் பொறுப்பாச் செஞ்சு முடிக்கும். ஒரு டிஸ்க் செத்து புதுசு போட்டா, 8 டிபியை முழுசா நிரப்ப, நொடிக்கு 150 எம்பி வேகத்துல இடைவிடாம எழுதினாக்கூட 15 மணி நேரம் ஆகும். நடுவுல வேலையும் பார்த்தா ஒண்ணு ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் மிச்ச டிஸ்க்கெல்லாம் முக்கி முனகி ஓடும். எல்லாமே ஒரே நாள்ல, ஒரே கடையில, ஒரே அட்டைப்பெட்டியில இருந்து வாங்கினதுன்னா எல்லாத்துக்கும் ஒரே வயசு. (ரெண்டு கடையில பாதிப் பாதியா வாங்குங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.) வைரஸ் வந்து பூட்டு போட்டா ரெய்டு என்ன பண்ணும்? 2022 ஜனவரியில டெட்போல்ட்னு ஒண்ணு கியூநாப் பெட்டிகளா தேடித் தேடிப் பூட்டுச்சு. அந்தப் பெட்டிகள்லயும் ரெய்டு இருந்திருக்கும். இதெல்லாம் போக திருட்டு, தீ. பக்கத்துல பஞ்சு இருக்கற ஊர்ல தீயைப் பத்தி நான் சொல்லணுமா?

அண்ணன்கிட்ட சொன்னேன். இன்னொரு பெட்டி வேணும், இந்தக் கூரைக்கு அடியில வேண்டாம், வேற ஊர்ல.

முகம் சுருங்கிடுச்சு. "போனா தெரியாதுன்னு நீங்கதானுங்க தம்பி சொன்னீங்க? இத்தன ரூவா போட்டு வாங்கினது எதுக்கு? இம்புட்டு டேட்டாவை இன்னொரு தடவ எங்கயாச்சும் வெக்க முடியுமா?"

கேள்வி நியாயமானதுதான். இதே பதிலை ஒரு அரசாங்கமே சொல்லியிருக்கு. 2025 செப்டம்பர் 26, தென்கொரியாவுல டேஜான் நகரத்துல அரசோட டேட்டா சென்டர். யூபிஎஸ் லித்தியம் பேட்டரிகளை இடம் மாத்திக்கிட்டிருந்தப்போ தீப்பிடிச்சுது. நூத்துக்கணக்கான அரசுச் சேவை நின்னு போச்சு. மத்ததெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துச்சு. ஆனா அரசு ஊழியர்கள் ஆவணம் போட்டு வைக்கிற ஜி-டிரைவ்னு ஒண்ணு, 858 டிபி, மொத்தமா சாம்பல். ஏன் வெளியில நகல் இல்லைன்னு கேட்டதுக்கு வந்த பதில், அளவு ரொம்பப் பெருசு, அதனால வெளி நகல் எடுக்கற அமைப்பு இல்லை. நம்ம அண்ணன் பெட்டி மாதிரி 18 பெட்டி, அவ்வளவுதான் அந்த 'ரொம்பப் பெருசு'. கப்பலும் சிப்பும் செஞ்சு உலகத்துக்கே விக்கிற நாட்டுக்கு 18 பெட்டி கனமாப் போச்சு.

அதுக்கு முன்னாடி 2021 மார்ச் 10ல பிரான்ஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துல ஓவிஎச் கம்பெனியோட கட்டிடம் ஒண்ணு முழுசா எரிஞ்சுது. அதுல வயித்தெரிச்சல் என்னன்னா, நகல் எடுத்து வெச்சிருந்த சில பேரோட நகலும் அதே வளாகத்துலயே இருந்துச்சு.

நமக்கு இதைப் புரிஞ்சுக்க கொரியாவும் பிரான்ஸும் தேவையே இல்லை. 1981ல யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டப்போ போனது சுமார் 97,000 நூல்கள். அச்சடிச்ச புத்தகம் வேற எங்கயாவது ஒரு பிரதி கிடைக்கும். வேற பிரதியே இல்லாத ஏடு போனது போனதுதான். 2005ல இருந்து நூலகம் திட்டத்துக்காரங்க ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல ஏத்திக்கிட்டு வர்றாங்களே, அதோட அருமை இதை நினைக்கறப்போதான் தெரியும்.

இத்தனையும் பேசி முடிச்சேன். அண்ணன் டீ சொல்லிவிட்டார், அவ்வளவுதான். என் பேச்சு எடுபடலை. எடுபட்டது வேற. டீயைக் குடிச்சுட்டு பக்கத்துப் பட்டறைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருந்தவர் தானா சொன்னார்:

"எங்கப்பா ஜக்கார்டு தறி ஓட்டினார் தம்பி. நல்ல டிசைனா அமைஞ்சா அட்டையை ரெண்டு செட்டா அடிச்சுக்குவார். ஒண்ணு தறி மேல தொங்கும். இன்னொண்ணு எங்க பெரியம்மா ஊட்டுப் பரண்ல கெடக்கும். நம்ம ஊட்லயே வெச்சா நம்ம ஊட்டு எலியே ரெண்டையும் தின்னு போடுமாம்."

நான் அப்படியே உக்காந்துட்டேன். ஜக்கார்டு அட்டைங்கறது என்ன? ஓட்டை இருந்தா கொக்கி ஏறும், இல்லைன்னா ஏறாது. ஒண்ணு, பூஜ்யம். 1804ல பிரான்ஸ்ல வந்த சமாச்சாரம், கம்ப்யூட்டர் துளை அட்டைக்குப் பாட்டன். ஒரு தறிக்காரர் தன் டேட்டாவுக்கு வேற கூரைக்கு அடியில நகல் வெச்சிருக்கார். அதுக்கு 'ஆஃப்சைட் பேக்கப்'னு பேர் வெச்சு நான் பல வருஷமா ஆபீஸ் ஆபீஸா பாடம் எடுக்கறேன்.

"பெரியம்மா ஊட்டுக்கு ஒரு பொட்டி சொல்லிருங்க"ன்னார். பெரியம்மா இப்போ இல்லை, அவங்க பையன் ராசிபுரத்துல குடியிருக்கார். அங்க முடிவாச்சு.

இந்த இடத்துல நண்பர் ஒருத்தர் போன்ல குறுக்க வந்தார். ரெண்டாவது பெட்டி எதுக்கு, கிளவுட்ல போடலாமேன்னு. எனக்கு கிளவுட் மேல விரோதம் எல்லாம் இல்லை. எடிட் முடிஞ்ச வீடியோ, ஆல்பத்துக்குப் போன போட்டோ, இதெல்லாம் அளவுல கொஞ்சம், அதை ஏத்தித்தான் வெச்சிருக்கோம். மூலப்பதிவு அப்படி இல்லை. 100 மெகாபிட் ஃபைபர் முழு வேகத்துல ஏத்தினாலும் ஒரு கல்யாணத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல ஆகும். வருஷக் கணக்கு 40 கல்யாணத்துக்கு ஒரு மாசம் ராப்பகலா ஏத்தணும், மாசாமாசம் வாடகையும் கட்டணும். எல்லாம் போயிடுச்சுன்னா திரும்ப இறக்கறதுக்கு எத்தனை நாள்? அதுவே 8 டிபி டிஸ்க் ஒண்ணை மஞ்சப்பையில போட்டு டவுன் பஸ் ஏறினா, ராசிபுரம் போக ஒரு மணி நேரம்னு வெச்சாக்கூட, நொடிக்கு 2 ஜிபிக்கு மேல வேகம். இந்த வேகத்துக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கேட்டா எங்க ஊர்ல சிரிப்பாங்க. முதல் காப்பியை இங்கயே போட்டு பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டோம். அப்புறம் தினம் சேர்றது மட்டும் ராத்திரி லைன்ல போகுது.

ரெண்டாவது பெட்டி ரேக்கு கீக்கு ஒண்ணும் இல்லாத சாதாரண மேஜைப் பெட்டி, டிஸ்க் நாலு, வேகம் கம்மி. போதும். அதுல முழு வருஷ மூலப்பதிவும் கொள்ளாது. அதனால கல்யாணம் முடிஞ்சு ஒரு வருஷம் ஆன மூலப்பதிவுல, தாரை வார்க்கறது, தாலி கட்டறது, பெரியவங்க பேசறதுன்னு முக்கியமானதை சத்தத்தோட வெச்சுக்கிட்டு, வெறும் சாப்பாட்டுப் பந்தி மணிக்கணக்கா ஓடறதை எடுத்துடலாம்னு முடிவு. பந்தியில லட்டு வந்துச்சா இல்லையாங்கற சண்டைக்கு அண்ணன் சாட்சி சொல்ல வேண்டாம்.

அதனால என் கட்சி இது. உங்ககிட்ட நாலு ரூபா இருந்தா மூணே முக்கால் ரூபாய்க்கு ஒரே பளபள பெட்டி வாங்காதீங்க. ரெண்டரை ரூபாய்க்கு ஒண்ணு, ஒரு ரூபாய்க்கு இன்னொண்ணு வேற வீட்டுல, மிச்ச அரை ரூபா எர்த்துக்கும் யூபிஎஸ்ஸுக்கும். பெட்டி விக்கிற யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அவங்க பெட்டி சின்னதாயிடும். நானும் முதல்ல சொல்லலையே, ஒரே பெட்டிக்குத்தானே கொட்டேஷன் போட்டேன்.

1998ல பிக்ஸார்ல டாய் ஸ்டோரி 2 படம் எடுத்துக்கிட்டிருந்தப்போ யாரோ ஒரு கட்டளையைத் தட்டி பாதிப் படத்துக்கு மேல அழிச்சுட்டாங்க. பேக்கப்பைத் திறந்து பார்த்தா அது ஒழுங்கா வேலை செய்யலை. படத்தைக் காப்பாத்தினது காலின் சஸ்மன்கற அம்மா. குழந்தை பிறந்து வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டிருந்தாங்க, வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் இருந்துச்சு. அதைப் போர்வையில சுத்தி கார்ல பத்திரமா கொண்டு வந்தாங்களாம். இந்தக் கதையில எல்லாரும் போர்வையை ரசிப்பாங்க. எனக்கு உறுத்தறது அந்த வேலை செய்யாத பேக்கப். அது எத்தனை நாளா அப்படி இருந்துச்சுன்னு யாருமே எடுத்துப் பார்க்கலை.

அதனால ராசிபுரம் பெட்டி ஓட ஆரம்பிச்ச மூணாவது வாரம், வெண்ணந்தூர்ப் பெட்டி எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்கிட்டு, ராசிபுரத்துல உக்காந்து கண்ணை மூடி அஞ்சு கல்யாணத்தைச் சொல்லச் சொன்னேன். அண்ணன் சொன்னார். நாலு வந்துச்சு. அஞ்சாவதோட ஃபோல்டரே அங்க இல்லை.

தேடிப் பார்த்தா அது மட்டும் இல்லை, பதினோரு கல்யாணம் இல்லை. என்ன ஒத்துமைன்னு பார்த்தா, எல்லாமே தமிழ்ல நீளமா பேர் வெச்சது. அண்ணனுக்கு ஒரு பெருமை, ஃபோல்டர் பேரே பத்திரிகை மாதிரி இருக்கும். திருவளர்ச்செல்வன் இன்னார், திருவளர்ச்செல்வி இன்னார், திருமண வரவேற்பு விழா. நான் ராசிபுரத்துல திருட்டுக்குப் பயந்து பூட்டு போட்ட ஃபோல்டரா வெச்சிருந்தேன். அந்தப் பூட்டு முறையில ஒரு பேருக்கு 143 பைட்டுதான் இடம். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட்டு. யூனிகோட் தமிழுக்கு, அதான் யூடிஎஃப்-8ல, ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட்டு. 'கோ'வுக்கு ககரம் மூணு, கொம்புங்காலும் மூணு, ஆறு போச்சு. திருவளர்ச்செல்வன்னு எழுதறதுக்கே 51 பைட்டு. திருவளர்ச்செல்வி 48. மாப்பிள்ளை பேரே இன்னும் வரலை, அதுக்குள்ள 99!

டிஸ்கி, பாமினி, தாப், தாம்னு ஒவ்வொரு எழுத்துருவா மாறி யூனிகோடுக்கு வந்து சேர்ந்த தலைமுறை நாம. எல்லாம் தீர்ந்துச்சுன்னு நினைச்சேன். காப்பி போடற மென்பொருள், இந்தப் பதினொண்ணையும் தாண்டிட்டுப் போய், கடைசியில 'முடிந்தது'ன்னு பச்சை டிக் காட்டியிருக்கு. லாக்குல நாலாவது பக்கத்துல 'பெயர் நீளம்'னு முணுமுணுத்திருக்கு. அதை யாரு படிக்கறது? நான் படிச்சிருக்கணும். படிக்கலை.

"தமிழ்ல பேரு வெச்சது தப்புங்களா தம்பி?"ன்னு அண்ணன் கேட்டப்போ சங்கடமாப் போச்சு. தப்பு இல்லைங்கண்ணா, நீளம்தான் தப்புன்னேன். இப்போ ஃபோல்டர் பேர் தேதியும் ஊரும் மட்டும், தமிழ்லயேதான். பத்திரிகை வாசகம் உள்ள ஒரு தனி ஃபைல்ல இருக்கு. தினமும் ராத்திரி ரெண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை பைட்டுன்னு எண்ணி, ஒத்து வரலைன்னா அண்ணன் போனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி பண்ணியிருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவை, அமாவாசை அன்னிக்கு (தறியும் ஓடாது, ஸ்டுடியோவும் சும்மா இருக்கும்), ராசிபுரத்துல இருந்து ஏதாவது ரெண்டு கல்யாணத்தை எடுத்து ஓட்டிப் பார்க்கறோம். அண்ணிக்கு அது பிடிச்சுப் போச்சு, கூட உக்காந்து சேலை பார்க்கறாங்க.

அந்தப் பொண்ணோட டிஸ்க்கை ஒரு ரெகவரி கடைக்கு அனுப்பினோம். பாதி வந்துச்சு. வரவேற்பு முழுசா இருக்கு, முகூர்த்தத்துல முன்பாதி இருக்கு. தாரை வார்க்கற இடத்துல, அவங்கப்பா பொண்ணோட கையைப் பிடிக்கறார், வாயைத் திறக்கறார், அதோட ஃபைல் முடியுது. அண்ணன் அதை ஒரு பென் டிரைவ்ல போட்டு அவரே நேர்ல கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தார். என்ன சொன்னாங்கன்னு நான் கேக்கலை, அவரும் சொல்லலை.

பீரோவுல இன்னும் 17 டிஸ்க் பாக்கி இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை நாலு மாட்டிப் பார்க்கணும். போன வாரம் மாட்டினதுல ஒண்ணு டிக் டிக்னுச்சு. உடனே கழட்டி வெச்சுட்டோம்.